வள்ளத்தின் முறை

கிறிஸ்தவர்கள் பிரிந்துபோனதற்குக் காரணங்கள் ஏழு என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். வரலாற்றுப் பாடத்தில் அது நிச்சயம் வரும் கேள்வி. ஏழையும் எண் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் கோடு இழுத்து எழுதினால் முழுப் புள்ளி. நான் எழுதினேன், முழுப் புள்ளியும் பெற்றேன். அச்சியந்திரம், அரசர்களின் பேராசை, குருக்களின் ஒழுங்கீனம், வேதத்தைத் தாய்மொழியில் வாசிக்கும் ஆசை என்று இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். அந்த ஏழில் ஒன்றுகூட ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. எங்கள் குடும்பம் பிரிந்தது ஒரு வள்ளத்தால். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வள்ளத்தைப் பற்றி நான் எழுதிய நாலு வரிகளால்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் அக்கா. சென்ற வருடம் தவக்காலம் தொடங்கிய கிழமை, காலைத் திருப்பலி முடிந்த கையோடு ஓட்டோவில் வந்து இறங்கினா. எண்பதைத் தாண்டியவ. வந்தால் முதலில் குசினிக்குள் போய் என் மனைவி என்ன சமைக்கிறாள் என்று பானையைத் திறந்து பார்ப்பதுதான் வழக்கம். அன்று நேரே வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா.

"தம்பியை ஆஸ்பத்திரியில இருந்து கொண்டுவந்து விட்டிட்டினம். இனிச் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லையாம்."

"தெரியும்."

"தெரியுமோ? போய்ப் பாத்தனியோ?"

நான் மடியில் கிடந்த பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"அவன் ஒண்டே ஒண்டுதான் கேக்கிறான். செத்தால் தன்னை அம்மாவோட போடட்டாம்."

"அது ஏலாது அக்கா."

"ஏன் ஏலாது?"

"கோவில் பங்குப் பதிவில அவன்ர பேர் இல்லை. பதிவில இல்லாதவரைச் சேமக்காலையில அடக்கேலாது."

"பேரை ஆர் எடுத்தது?"

வெளியே கோவில் மதிலில் ஒரு காகம் கத்திக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனமாகப் பார்த்தேன்.

"நீதானே எடுத்தனீ," என்றா அக்கா. "எடுத்தவனுக்குத் திருப்பி வைக்கவும் தெரியவேணும். உனக்குத்தானே உலகத்தில உள்ள ஒழுங்குவிதி எல்லாம் தெரியும்."

அந்தக் கடைசி வசனத்தை அக்கா பாராட்டாகச் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை. முப்பது சொச்ச வருடம் யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போகவேண்டும், எந்தக் கடிதத்துக்கு எத்தனை பிரதி, யார் ஒப்பம் வைத்த பிறகு யார் வைக்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகும் மரணச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் ஆட்கள் என்னைத் தேடித்தான் வருகிறார்கள். பங்குச் சபையில் இருபது வருடத்துக்கு மேல் நானே செயலாளர். வேறு யாரும் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

எங்கள் அப்பா கடலோடு போனவர். வள்ளம் கரையொதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. அதனால் அவருக்குக் கல்லறை இல்லை. அம்மாவுக்கு மட்டும் சேமக்காலையின் மேற்கு மூலையில், கடற்காற்றில் ஒரு பக்கம் சாய்ந்துபோன பூவரசுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறை. அதைத்தான் தம்பி கேட்டான். அவன் கேட்ட இடம் ஆறடி நீளமும் மூன்றடி அகலமும்தான். அதற்குக் குறுக்கே நின்றது என் கையெழுத்து.

எங்கள் மாதா திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், வெஸ்பர் என்ற மாலை ஆராதனைக்கு முன்னர், மாதாவின் சொரூபம் கடலில் போகும். கோவில் கரையில் ஒரு வள்ளத்தில் ஏற்றுவார்கள். மற்ற வள்ளங்கள் எல்லாம் பின்னால் வர, அது குடாவை ஒரு சுற்றுச் சுற்றி வரும். சொரூபம் ஏறும் வள்ளத்துக்குப் புதுவர்ணம் பூசி, வெள்ளைத் துணியில் பந்தல் கட்டி, முன்முனையான அணியத்தில் குருத்தோலைத் தோரணம் தொங்கவிடுவார்கள். அந்த வருடம் முழுக்க அதற்கு மாதா வள்ளம் என்றுதான் பெயர். அதில் பிடித்த மீனை வாங்க ஆட்கள் காலையில் வரிசையில் நிற்பார்கள், மற்ற வள்ளத்து மீன் வேறு கடலில் இருந்து வந்ததுபோல.

நானும் தம்பியும் சின்ன வயதில் அந்தச் சுற்றைக் கரையோரமாகவே ஓடிப் பார்த்தவர்கள். வள்ளங்கள் திரும்பும்போது வெயில் சரிந்து, காரைநகர்ப் பக்கத்துத் தண்ணீர் செம்பு நிறமாய் இருக்கும். கடலில் பாட்டுச் சத்தம் காற்றுக்கு ஏற்ப வந்து வந்து போகும். ஒரு வரி கேட்கும், மறுவரி கேட்காது. தம்பி முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கேட்காத வரியைத் தான் பாடி நிரப்புவான். "நான் வள்ளம் வாங்குவன், மாதா என்ர வள்ளத்திலதான் ஏறுவா," என்பான். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அநேகமாக, வயது போதாது என்று சொல்லியிருப்பேன்.

அவன் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனான், நான் யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனேன். பிறகு உத்தியோகம் கிடைத்து நான் பஸ்ஸில் போய்வரத் தொடங்கியபோது, பஸ் வராத நாட்களில் அவன்தான் வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவான். நான் வெள்ளைச் சட்டையோடும் குடையோடும் நடுவில் இருப்பேன். "துரை, குடையை விரியாதையுங்கோ, வள்ளம் அனலைதீவுக்குப் போயிடும்," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அலுவலகத்தில் என் சட்டையில் மீன் மணக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. மணந்திருக்கும்.

எந்த வள்ளத்தில் சொரூபம் ஏறுவது என்பதில் ஒரு காலத்தில் அடிபிடி நடந்தது. அதனால் சீட்டுப் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். வருடத்துக்கு ஒரு வள்ளம், வரிசைப்படி. அந்தப் பட்டியலை எழுதியவன் நான், அப்போது இளைஞன், எழுத்து அழகாக இருக்கும். சீட்டை எடுத்தவரின் பெயரை எழுதப் போனபோது ஒரு சிக்கல். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரே புனிதரின் பெயர். தம்பியின் பெயரில் மட்டும் நாலு பேர் வள்ளம் வைத்திருந்தார்கள். தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதினாலும் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். குழப்பம் வேண்டாம் என்று நான் ஆளின் பெயருக்குப் பதிலாக வள்ளத்தின் அடையாளத்தை எழுதினேன். பச்சை அணியம், இரட்டைப் பாய்மரம், நீலப் பட்டி என்று. நீலப் பட்டி தம்பியின் வள்ளம். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

நீலப் பட்டியின் முறை வர இன்னும் சில வருடங்கள் இருந்தன. அதற்கிடையில் தம்பி அதை அடுத்த தெருக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுப் புது வள்ளம் ஒன்று கட்டினான். பிறகு யுத்தத்தில் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தது. எல்லாரும் கையில் அகப்பட்டதைத் தூக்கினார்கள். நான் பங்குப் பதிவேட்டையும் பட்டியலையும் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் வைத்துத் தூக்கினேன். தம்பி அம்மாவைத் தூக்கினான். இரண்டு பேரும் அவரவர் பெறுமதியென்று நினைத்ததைக் காப்பாற்றினோம்.

வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது கோவிலுக்குப் பாதிக் கூரைதான் இருந்தது. ஆனாலும் முதல் திருநாளைக் கொண்டாடுவது என்று தீர்மானித்தோம். கூரையில்லாத பாதியில் வெயிலில் நின்றபடி பங்குச் சபைக் கூட்டம். நான் பிஸ்கற் தகரத்தைத் திறந்து பட்டியலை எடுத்தேன். சிலர் அழுதார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

"அடுத்தது நீலப் பட்டி," என்று வாசித்தேன்.

தம்பி எழும்பினான். நீலப் பட்டியை வாங்கிய அடுத்த தெருக்காரரும் எழும்பினார். அந்த வள்ளம் எப்படியோ தப்பிப் பிழைத்து அவர் கையில்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் ஒருநாள் அவகாசம் கேட்டேன்.

அன்று வீட்டில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தம்பி மட்டும் வந்தான்.

"அண்ணை, சீட்டு எடுத்தது என்ர கை. நீங்கள் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்."

"பாத்தனான்."

"காத்துக்குள்ள அம்பிட்டு, வள்ளம் கவிழப் போன அண்டைக்கு நேந்தனான், மாதாவை என்ர வள்ளத்தில ஏத்துறன் எண்டு. அதுக்காகத்தான் சீட்டே எடுத்தனான்."

"பட்டியலில என்ன இருக்கெண்டதைத்தான் நான் பாக்கலாம்."

"அதை எழுதினதே நீங்கள்தானே!"

அவன் சொன்னது சரி. ஆனால் அவன் என் தம்பி. அதுதான் சங்கடம். அவனுக்குக் கொடுத்தால், தம்பிக்குக் கொடுத்துவிட்டான் என்று ஊர் கதைக்கும். அதுவரை என்னைப் பற்றி அப்படி ஒரு கதை இல்லை, இனியும் வரக்கூடாது என்று நினைத்தேன். மறுநாள் எழுதினேன்: பட்டியலில் பதியப்பட்டிருப்பது வள்ளமேயன்றி அதன் உரிமையாளர் அல்லர், ஆகவே முறையானது வள்ளத்துடன் செல்லும், இது தொடர்பில் மேன்முறையீடு ஏற்கப்படமாட்டாது, செயலாளர், ஒப்பம். மேன்முறையீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கை பழகிய வழியில் எழுதிவிட்டது.

தம்பி அதை நின்றபடி வாசித்தான். அவன் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். நேரம் எடுத்தது.

"மாதா ஏறுறது பலகையிலயோ, நேத்தி வைச்ச மனுசனிலயோ?" என்று கேட்டான்.

"விதிப்படி..."

"விதியை நீங்கள் வைச்சிருங்கோ."

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் தன் புது வள்ளத்தைக் கரையில் இழுத்து, கவிழ்த்துப் போட்டுவிட்டு, அதன் நிழலில் படுத்திருந்தான். கடலில் பாட்டுக் கேட்டது. ஒரு வரி கேட்டது, மறுவரி கேட்கவில்லை.

வேலணையில் ஒரு தகரக் கொட்டிலில் புதிதாக ஒரு சபை தொடங்கியிருந்தார்கள். தம்பியிடம் மீன் வாங்கும் ஒருவர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். போனவன் தொடர்ந்து போனான். அங்கே என்ன கண்டாய் என்று அக்கா கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை நான் நெடுநாள் பகிடியாகவே சொல்லித் திரிந்தேன். இப்போது அது பகிடியாகத் தெரியவில்லை.

"அங்கை பட்டியல் இல்லை அக்கா. பாஸ்ரர் முன்னுக்கு வா எண்டால், வாறவன் எல்லாம் முன்னுக்குத்தான்."

வசனங்கள் பிறகுதான் வந்தன. முதலில் வந்தது கோபம். கோபத்துக்குப் பொருத்தமான வசனங்களைப் பாஸ்ரர் தேடிக் கொடுத்தார், நான் என் பக்கத்துக்கு வேறு வசனங்களைத் தேடிக்கொண்டேன். சொரூபம் வெறும் மண் என்றான் தம்பி. உன் கலியாணப் படமும் வெறும் கடதாசி, அதை ஏன் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாய் என்றேன் நான். செபமாலை மணி உருட்டுறது என்றான். ஒரே வசனத்தை இருபது தரம் கத்துறது மட்டும் என்ன என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்த ஏழு காரணங்களும் எனக்கு அப்போதுதான் பயன்பட்டன. எட்டாம் வகுப்போடு நின்றவனை வெல்வது கடினமில்லை. ஒவ்வொரு முறையும் வென்றேன். ஒவ்வொரு முறையும் அவன் வருவது கொஞ்சம் குறைந்தது. எங்களில் ஒருவன்கூட அந்த நீலப் பட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவன் திரும்ப ஞானஸ்நானம் பெற்றது கடலில். பாஸ்ரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவனை முக்கி எடுத்தாராம். கேள்விப்பட்ட அக்கா சொன்னா: "பிறந்த நாளில இருந்து அதுக்குள்ளதானே முங்கி எழும்புறான். இதில என்ன புதினம்?"

அப்போது பங்குக் குருவாக இருந்த வயோதிபச் சுவாமி பங்குப் பதிவேட்டைப் புதுப்பிக்கச் சொன்னார். இறந்தவர்கள், வெளிநாடு போனவர்கள், கலியாணம் முடித்து வேறு பங்குக்குப் போனவர்கள். தம்பியின் குடும்பப் பக்கம் வந்தபோது சிவப்புப் பேனையை எடுத்தேன். பெயரின் மேல் கோடு போட்டு, பக்கத்தில், "விலகியவர். பங்கின் எந்த உரிமையும் இல்லை, சேமக்காலை உட்பட," என்று எழுதினேன். சுவாமி சொன்னது புதுப்பிக்க. மிச்சத்தை ஒருவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு அம்மா நெடுநாள் இருக்கவில்லை. செத்தவீட்டுக்குத் தம்பி வந்தான். கோவிலுக்குள் வராமல் வாசலில் நின்றான். சேமக்காலையில் எல்லாரும் மண் போட்டுத் திரும்பிய பிறகு, கடைசியாக வந்து ஒரு பிடி போட்டுவிட்டுப் போனான். சின்ன வயதில் நாங்கள் இருவரும் ஒரே பாயில் முழந்தாளிட்டு அம்மாவோடு செபம் சொல்லுவோம். கர்த்தர் கற்பித்த செபத்தை அவன் மூச்சு விடாமல் ஓடி முதலில் முடித்துவிட்டு, நான் முடிக்கும்வரை என்னை விலாவில் கிள்ளிக்கொண்டிருப்பான். அம்மா கண்ணைத் திறக்காமலே அவனுக்கு ஒரு அடி போடுவா. அன்று சேமக்காலையில் எனக்கு அந்த விலாவில் நொந்தது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். அக்கா கையில் ஒரு பை இருக்கும். விளைமீனோ ஒட்டியோ, சில நாள் நண்டு. "ஆர் தந்தது?" என்று நான் கேட்பதில்லை. அக்கா சொல்வதும் இல்லை. திருச்சபை பிளவுபட்டிருந்த அத்தனை வருடமும் எங்கள் வீட்டில் மீன்குழம்பு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அக்கா வந்து போன மறுநாள் ஃபாதரிடம் போனேன். இப்போதுள்ளவர் இளையவர், மோட்டார் சைக்கிளில் தீவு முழுக்க ஓடித் திரிபவர். விண்ணப்பத்தை எழுதியே கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாசித்துவிட்டு, "ஐயா, இதுக்கு நடைமுறை என்ன?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. எதற்கும் என்னிடம்தான் கேட்பார்.

"பங்குச் சபையில வைக்கவேணும் ஃபாதர்."

ஞாயிறு திருப்பலி முடிந்து கூட்டம் கூடியது. ஃபாதர் விஷயத்தைச் சொன்னார். உடனே பின்வாங்கில் ஒருவர் எழும்பினார்.

"சட்டம் ஒண்டு இருக்கெல்லோ ஃபாதர். விட்டிட்டுப் போனவைக்குச் சேமக்காலை இல்லையெண்டு."

"ஓம், ஓம், இருக்கு," என்று நாலைந்து குரல்கள்.

"எங்கை இருக்கு?" என்று கேட்டார் ஃபாதர்.

கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்தோம். நானே பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாம் என் எழுத்து, வரி தவறாமல் இருந்தது. அப்படி ஒரு தீர்மானம் எங்கும் இல்லை. பிறகு யாரோ, பதிவேட்டில்தான் கண்டதாகச் சொன்னார். பதிவேட்டை விரித்தார்கள். சிவப்பு மை கொஞ்சமும் மங்கவில்லை. நல்ல மை.

ஃபாதர் அதைச் சத்தமாக வாசித்தார். "இது ஆற்றை எழுத்து?"

அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"என்ர," என்றேன்.

"ஆர் சொல்லி எழுதினீங்கள் ஐயா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை ஃபாதர்."

இருபது வருடத்துக்கு மேலாக ஊர் முழுவதும் திருச்சபையின் சட்டம் என்று நம்பியிருந்தது என்னுடைய ஒரு கோபமான பின்னேரத்தை. யாருக்காவது சேமக்காலைப் பிரச்சினை வந்தால் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நான் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வேன். அதில் நான் எழுதியதை நானே வாசித்து, சட்டம் இதுதான் என்று எனக்கே சாட்சி சொல்லியிருக்கிறேன்.

வந்தது வரட்டும் என்று நீலப் பட்டிக் கதையையும் சொன்னேன். முறை தம்பியுடையது என்று எனக்கு அன்றே தெரியும், ஊர்க்கதைக்குப் பயந்து அப்படி எழுதினேன் என்றேன். அப்போது முன்வாங்கில் இருந்த கிழவர் ஒருவர் கையை ஊன்றி எழும்பினார். நீலப் பட்டியை வாங்கிய அதே அடுத்த தெருக்காரர்.

"நான் அண்டைக்கே விட்டுக் குடுத்திருப்பன்," என்றார். "உம்மட தம்பிக்கு நேத்தி இருந்தது எனக்குத் தெரியும். வள்ளத்தை விக்கேக்கயே சொன்னவன். ஆனால் நீர் கடிதம் தந்தனீர். ஒப்பம் வைச்ச கடிதம். அதை மீறினால் பாவம் எண்டு நினைச்சனான்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே," என்றேன்.

"மேன்முறையீடு ஏற்கப்படமாட்டாது எண்டெல்லோ எழுதியிருந்தது."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, வேறு ஏதோவும் சேர்ந்து வந்தது.

பதிவேட்டில் பிழையைத் திருத்துவதற்கு ஒழுங்கு உண்டு. சுரண்டி அழிக்கக் கூடாது. பழைய எழுத்து வாசிக்கக்கூடியதாக, ஒரே ஒரு கோடு இழுக்கவேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, சிற்றொப்பமும் திகதியும் இடவேண்டும். அப்படியே செய்தேன். எழுத்தை அழிக்க விடாத அந்த விதியை இத்தனை காலமும் கணக்காய்வாளர்களுக்காக வைத்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரமே தம்பி வீட்டுக்குப் போனேன். எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. அவன் பாதியாகியிருந்தான். கைகள் மட்டும் பழைய கைகள். அவன் மனைவி எனக்குக் கதிரை போட்டுவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனாள்.

"வாங்கோ துரை," என்றான். "குடை கொண்டுவரேல்லையோ?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மன்னிப்புக் கடிதம் தரச் சொல்லுவினமோ? அண்ணை, நான் அதெல்லாம் எழுத மாட்டன்."

"வேண்டாம். கடிதம் நான்தான் குடுத்தனான்."

"என்னெண்டு?"

"பிழை என்ரதெண்டு."

அவன் தலையைத் திருப்பி என்னை வடிவாகப் பார்த்தான். கண்கள் மட்டும் சின்ன வயதுக் கண்கள்.

"எத்தினை பிரதி?"

"மூண்டு."

சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. நான் முதுகைத் தடவிவிட்டேன். முள்ளந்தண்டு ஒவ்வொன்றாகக் கைக்குத் தெரிந்தது. இருமல் அடங்கியதும் அவன் தன் நிபந்தனைகளைச் சொல்லத் தொடங்கினான். எங்கள் குடும்பத்தில் நான் மட்டும்தான் விதி எழுதுபவன் என்று நினைத்திருந்தேன்.

"நான் என்ர சபையை விடமாட்டன். கடைசிவரைக்கும்."

"ஓம்."

"பாஸ்ரர்தான் ஜெபம் பண்ணவேணும்."

"ஃபாதரும் வருவார்."

"வரட்டும். ஆனால் மாதா சுருவம் கொண்டுவரக் கூடாது."

"அம்மான்ர கல்லறையில சிலுவை ஒண்டு இருக்கு. அதைப் பிடுங்கேலாது."

கொஞ்சம் யோசித்தான். "அது இருக்கட்டும். அது அம்மான்ர."

தேத்தண்ணி வந்தது. குடித்தோம். அவனுக்குக் கரண்டியால் பருக்கவேண்டியிருந்தது. கூட்டத்தில் ஒருவர், பரிகாரமாக இந்த வருடத் திருநாள் முறையை அவனுக்கே கொடுக்கலாம் என்று சொன்னதையும் சொன்னேன். தலையை ஆட்டினான்.

"வேண்டாம் அண்ணை. நான் அதை நம்பிறேல்லை இப்ப. நம்பாமல் ஏத்தினால் அது மாதாவுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை." பிறகு, கொஞ்சம் பொறுத்து, "ஆனால் அந்தப் பாட்டுக் கேக்கிறது வடிவு," என்றான்.

அதன் பிறகு நாள் தவறாமல் போனேன். நாங்கள் வேதம் கதைக்கவில்லை. பஸ் வராத நாட்களைப் பற்றியும், கரையொதுங்காத அப்பாவைப் பற்றியும், அம்மாவின் அடியைப் பற்றியும் கதைத்தோம். ஒருநாள் அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தபடியே கையை நீட்டி என்னை விலாவில் கிள்ளினான். பலம் இல்லை. எறும்பு ஊர்வதுபோல இருந்தது.

உயிர்ப்புத் திருநாள் கழிந்து இரண்டாம் கிழமை போய்விட்டான்.

அடக்கம் பின்னேரம் மூன்றரைக்கு. வேலணையிலிருந்து சபைக்காரர்கள் ஒரு பஸ் பிடித்து வந்தார்கள். வெள்ளை உடுப்பு, கையில் வேதப் புத்தகம். எங்கள் ஆட்கள் மறுபக்கம், செபமாலையோடு. அம்மாவின் கல்லறையைத் திறந்திருந்தார்கள். இரண்டு கூட்டமும் அதன் இரண்டு கரைகளில், நடுவில் தம்பி.

பாஸ்ரர் ஃபாதரைப் பார்த்தார். "நீங்கள் முதல் பண்ணுங்கோ பிரதர். இது உங்கட இடம்."

"இல்லையில்லை, அவர் உங்கட ஆள். நீங்கள் தொடங்குங்கோ."

"பரவாயில்லை பிரதர், நீங்கள்..."

மரியாதை முற்றி ஒருவரும் தொடங்கவில்லை. இரண்டு கூட்டமும் அசையாமல் நின்றது. முதலில் செய்பவருக்கு உரிமை கூடவா, கடைசியில் செய்பவருக்கா என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு அந்த முகங்கள் பழக்கம். கூரையில்லாத கோவிலில் கண்டவை. கடைசியில், நான் பயந்தபடியே, ஃபாதர் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நடைமுறை என்ன?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாலு வரியில் சொல்லியிருப்பேன். சொல்வதற்கு நியாயமான ஒரு வரிசையும் மனதில் உருவாகிவிட்டிருந்தது.

"எனக்குத் தெரியாது ஃபாதர்," என்றேன்.

அக்கா கைத்தடியை நிலத்தில் ஒரு குத்துக் குத்தினா. "முறையைப் பிறகு பாருங்கோ. பிள்ளை வெயிலுக்குள்ள கிடக்கிறான்."

சொல்லிவிட்டுத் தானே கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கிவிட்டா. இந்தக் கரை அவவோடு சேர்ந்தது. அந்தக் கரையும் சேர்ந்தது. ஒரே செபம்தான், ஆனால் அவர்களுடைய தமிழ் வேறு, எங்களுடையது வேறு. வானத்துக்கு அவர்களிடம் ஒரு சொல், எங்களிடம் ஒரு சொல். அப்பம் கேட்கும் வரியில் இடித்துக்கொண்டோம், மன்னிக்கும் இடத்தில் அவர்கள் முந்தினார்கள், சோதனையில் நாங்கள் பிடித்தோம். காதுக்கு அது செபமாகவே இல்லை. இரண்டு வள்ளம் ஒரே துறைக்குள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வருவதுபோல இருந்தது.

நாங்கள் முடித்துவிட்டோம். அவர்களுக்கு, ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று, இன்னும் ஒரு வரி இருந்தது. எங்கள் பக்கத்தில் அது வழக்கமில்லை. ஆமென் சொல்ல வாயைத் திறந்த எங்கள் ஆட்கள் அப்படியே நிறுத்தினார்கள். ஒருவரும் முந்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அந்த வரி முடியும்வரை காத்து நின்றோம். எனக்குத் தம்பிதான் ஞாபகத்துக்கு வந்தான். எப்போதும் முதலில் ஓடி முடிக்கிறவன், இந்தமுறை நான் முடித்த பிறகும் போய்க்கொண்டிருந்தான். பிறகு எல்லாரும் சேர்ந்து ஆமென் சொன்னோம்.

அதற்குப் பிறகு யார் முதலில் செய்தார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பாஸ்ரர் வாசித்தார், ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். தம்பியை அம்மாவுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். நான் கடைசியாகப் போய் ஒரு பிடி மண் போட்டேன்.

திரும்பி வரும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தா. சேமக்காலைப் படலையடியில் நின்று மூச்சு வாங்கினா.

"அந்தக் கல்லறையில இனி ஒராளுக்குத்தான் இடம் இருக்கு."

"ஓம் அக்கா."

"நான் மூத்தவள். அது எனக்கு."

"அதுக்கு ஒரு ஒழுங்கு..."

அக்கா கைத்தடியைத் தூக்கினா. நான் வாயை மூடிக்கொண்டு படலையைத் திறந்துவிட்டேன்.